காந்தப் பாடத்துக்குக் கொண்டுபோன இரும்பு

துருப்பிடித்த இரும்பைக் கொஞ்சநேரம் பொத்தி வைத்திருந்தால் உள்ளங்கையில் ஒரு வாடை ஏறும், இரத்த வாடை போல. சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் லேசில் போகாது. போர் முடிந்து அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த வருடம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருடைய கையிலும் அந்த வாடை இருந்தது, ஏனென்றால் புளியங்குளத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் கிராமத்தில் மண்ணுக்கு அடுத்தபடியாகத் தாராளமாய்க் கிடைத்தது இரும்புதான். "தொடாதே, கிட்டப் போகாதே, வந்து சொல்லு" என்று வெடிபொருட்களின் படம் போட்ட பலகைகள் பள்ளிக்கூட வாசலிலேயே நின்றன.

ஆறாம் வகுப்புக்கு வந்த விஞ்ஞான ரீச்சருக்கோ தொடாமல் படிக்கிற படிப்பே பிடிக்காது. பாடமாக்கி ஒப்புவிப்பதைக் "கிளிப்பிள்ளைப் படிப்பு" என்பார். "கையாலை செய்தாத்தான் பிள்ளையள் மண்டையிலை நிக்கும்" என்பது அவருடைய வேதவாக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இளம் மனுசி, நல்லவர். பழுதான றேடியோ ஒன்றின் ஸ்பீக்கரைக் கழற்றிக் காந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு, நாளைக்கு வீட்டிலிருந்து ஆளுக்கொரு இரும்புச் சாமான் கொண்டு வாருங்கோ என்றார். வேறு ஊரென்றால் பிள்ளைகள் திறப்பும் கரண்டியும் கொண்டுபோயிருப்பார்கள். எங்கள் வீடுகளுக்குக் கதவே இல்லாதபோது திறப்புக்கு எங்கே போவது? இருந்த ஒரு கரண்டியையும் கொடுத்துவிட்டு அம்மா எதனால் கறி துழாவுவா? ஆகவே வகுப்பு முழுவதும் நிலத்தைப் பார்த்தது. இப்படி ஆகுமென்று ரீச்சருக்குத் தோன்றவே இல்லை.

என் பக்கத்தில் இருந்தவள் சுகந்தி. இனக்கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு எங்கள் வன்னிக்கு வந்த குடும்பம். தகப்பன் பழைய இரும்பு பொறுக்கி விற்பவர். சைக்கிள் செயின் மாட்டுவதோ ரோர்ச் பல்புக்கு வயர் முறுக்குவதோ, கையால் செய்கிற எதிலும் அவளை மிஞ்ச ஆளில்லை. ரீச்சர் எதற்கெடுத்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார். எனக்கு வயிறு எரிந்தது, இனி ஒளித்து என்ன ஆகப் போகிறது. அவள் எப்படியும் ஒரு உரப்பை நிறைய இரும்பு கொண்டுவருவாள் என்று தெரிந்து, அவளை வெல்ல ஒரே ஒரு பெரிய சாமான் வேண்டுமென்று விடியவே வாய்க்கால் கரைக்குப் போனேன். சேற்றுக்குள் கிடந்தது, என் முழங்கை நீளம், ஒரு முனை கூராகவும் மறுமுனையில் தகட்டுச் சிறகுகளோடும். பலகையில் இருந்த படத்தைப் போலவே இருந்தது. தெரிந்துதான் எடுத்தேன்.

வகுப்பு வாசலுக்கு வந்ததும் தைரியம் போய்விட்டது. வெளியே எறியவும் பயம், வைத்திருக்கவும் பயம். சுகந்தி தண்ணீர் குடிக்கப் போன நேரம் அவளுடைய உரப்பைக்குள், மற்ற இரும்புகளுக்கு நடுவில், மெதுவாக வைத்துவிட்டு வந்து இருந்தேன்.

ரீச்சர் முதலில் அவளைத்தான் கூப்பிட்டார். அவள் பைக்குள் கைவிட்டு வெளியே எடுத்தது அதைத்தான். ரீச்சரின் முகம் வெளிறியது எனக்கு இன்றும் தெரிகிறது. "பிள்ளை, மெல்லக் கீழை வை" என்றார், குரல் நடுங்காமல். எல்லோரையும் வெளியே ஓடவிட்டுக் கடைசியாகத்தான் அவர் வந்தார். ஆமி வந்து எடுத்துப்போய் வயலுக்குள் வெடிக்க வைத்தபோது பள்ளிக்கூடத்துத் தகரக் கூரை அதிர்ந்தது.

அதிபர் யாருடையது என்று கேட்டார். சுகந்தி தனக்குத் தெரியாது என்றாள். நான் வாயே திறக்கவில்லை. அவளுடைய தகப்பனை விசாரணைக்குக் கூட்டிப்போய் மூன்றாம் நாள் விட்டார்கள். எங்கள் அப்பா குளத்துப் பாய்ச்சலில் காணியுள்ள கமக்காரர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய பரம்பரை. அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "தோட்டக்காட்டுச் சனம், இரும்பு பொறுக்கிறதுகள், பள்ளிக்கூடத்துக்கு வேறை என்னத்தைக் கொண்டு வருங்கள்." நான் சோற்றைக் குழைத்தபடி இருந்தேன். சுகந்தி பிறகு வரவில்லை. ரீச்சருக்கும் இடமாற்றம் வந்தது. காந்தத்தைக் கரும்பலகையில் கீறிப் படித்தோம். தவணைப் பரீட்சையில் எனக்கு முழுப் புள்ளி.

இப்போது நானும் ஒரு ரீச்சர். செய்து கற்றல் பற்றி மற்ற ஆசிரியர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். "பிள்ளை பிழை விடட்டும், பிழைதான் படிப்பிக்கும்" என்று நான் சொல்லும்போது அவர்கள் கொப்பியில் எழுதிக்கொள்கிறார்கள். பிழை விட்டவள் ஒருத்தி, படிப்பை இழந்தவள் இன்னொருத்தி என்று நான் சொல்வதில்லை.

ஊரில் இன்று பலகைகள் இல்லை, கண்ணிவெடி எச்சரிக்கை மஞ்சள் நாடாக்கள் இல்லை, பள்ளிக்கூடத் தகரக் கொட்டிலின் இடத்தில் மாடிக் கட்டடம். சுகந்தி மாங்குளத்தில் வீதியோரம் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறாள். போன மாதம்தான் கண்டேன். "ரீச்சர், இருங்கோ" என்றாள் என்னை, ஒரே வாங்கில் இருந்து படித்தவள். நான் தட்டுத்தடுமாறித் தொடங்குவதற்குள் அவளே சொன்னாள்.

"நீங்கள்தான் வைச்சனீங்கள் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். உங்கடை கையிலை சேறு இருந்தது."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஆர் நம்பியிருப்பினம்? அப்பாவுக்குச் சொன்னா உங்கடை வீட்டுக்குச் சண்டைக்கு வந்திருப்பார், பிறகு எங்களை ஊரிலை இருக்க விட்டிருப்பினமே." கிளாசைக் கழுவித் தேத்தண்ணியை என் முன்னால் வைத்தாள். "'என்ரை இரும்புக் குவியலிலை கவனியாமல் விட்டிட்டன், என்னாலைதான் என்ரை பிள்ளையின்ரை படிப்புப் போச்சுது' எண்டு சொல்லிச் சொல்லித்தான் அந்த மனுசன் செத்தது."