வலியுண்டோ என்று கேட்டார்கள்

மலையாளத்தில் வலி என்றால் புகை இழுப்பது. தமிழில் வலி என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என் தம்பியை எங்கள் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். இத்தனை வருடமாகியும் நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

எழுபதுகளின் நடுவில் கேரளத்து மலையில், ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தோம். அம்மா கொழுந்து எடுத்தாள். அப்பாவுக்கு ஃபாக்டரியில் வேலை, பெயருக்கு. மலைக்கு அந்தப் பக்கம் கஞ்சா விளைந்தது. விளைந்ததையெல்லாம் தான் ஒருவரே தீர்த்துவிடுவதாகச் சபதம் எடுத்தவர் மாதிரி அப்பா இழுத்தார். எஸ்டேட் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளை லயம் என்போம்; எங்கள் லயத்தில் அத்தனை வீட்டுக்கும் தெரியும். "சாமி நிஷ்டையில இருக்காருல" என்று ஆண்கள் சிரிப்பார்கள். அப்படிச் சிரித்த ஒருவனும், எங்கள் அடுப்பு எரிகிறதா என்று எட்டிப் பார்த்ததில்லை.

ஒருநாள் தம்பிக்குக் காய்ச்சல். எஸ்டேட் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மலையாளி ஆயாவிடம் விட முடியாது என்று, அப்பாவிடம் விட்டுவிட்டு அம்மா மலைக்குப் போனாள். நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன். மூன்று வயதுப் பிள்ளை, அடுப்புத் தணலில் கையை வைத்துவிட்டான். அலறல் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்தபோது, அப்பா சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாராம்.

ஆஸ்பத்திரியிலிருந்து சேதி மேலே போனது. சில நாளில் குழந்தைகள் காரியம் பார்க்கும் ஆபீசர் ஒருவர் ஜீப்பில் வந்தார். அவர் வந்ததை நான் குறை சொல்லமாட்டேன். யாராவது வந்தே ஆக வேண்டிய வீடுதான் அது. வந்தவர் கேட்ட விதம்தான் எனக்கு ஆறவில்லை. லயம் முழுக்கத் தமிழர்கள். தமிழ் தெரிந்த ஓர் ஆளைக்கூட வைத்துக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

முதலில் அப்பாவிடம், "வலியுண்டோ?" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"நினக்கும் வலியுண்டோ?"

அம்மாவின் உடம்பைப் பற்றி அதுவரை எந்த அதிகாரியும் விசாரித்ததில்லை. கூடை சுமந்து சுமந்து அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. கேட்டதும் கண் கலங்கிவிட்டது.

"ஆமாய்யா. ராவும் பகலும் வலிதான்."

"எப்போழ் துடங்கி?"

எனக்கும் மலையாளம் தெரியாது. எங்கள் பள்ளியில் தமிழ்தான். ஆனால் எப்போதிலிருந்து என்று கேட்கிறார் என்பது எங்கள் இருவருக்குமே புரிந்தது.

"இந்தப் பய பொறந்ததுலருந்துய்யா. வலி இல்லாம ஒரு நாளு கெடையாது. பழகிப்போச்சு."

அவர் முகத்தைச் சுளித்தார். தம்பியை ஜீப்பில் ஏற்றச் சொன்னார். வெந்த கையைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டக் கொண்டுபோகிறார்கள் என்று அம்மா நினைத்தாள். அவனுக்கு முகம் கழுவி, நல்ல சட்டை போட்டு, அவளே தூக்கி ஏற்றிவிட்டாள். "மகராசனா இருங்கய்யா" என்று அந்த மனுஷனைக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடுதான் எனக்கு இன்னும் தாங்கமுடியவில்லை.

பிள்ளை அரசாங்க இல்லத்துக்குப் போய்விட்டான் என்பதைச் சாயங்காலம் ஆயா வந்து சொன்னாள்.

"நீயும் வலிக்குமென்னு நீ தன்னே பறஞ்ஞில்லே?" நீயும் வலிக்கும் என்று நீயேதானே சொன்னாய் என்றாள்.

"வலிக்கத்தானக்கா செய்யுது."

ஆயா தலையில் அடித்துக்கொண்டாள். "எடீ, பீடி வலிக்குந்ந வலியாடீ அது! தேகத்து நோவுக்கு வேதனயென்னு பறயணம்."

அம்மா மெதுவாக அப்பா பக்கம் திரும்பினாள். அப்பாவுக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. சாயாக்கடையில் மலையாளிகளோடு அவர்கள் பாஷையிலேயே வம்பளப்பவர்.

"ஏய்யா, ஒமக்கு மலையாளம் நல்லாத் தெரியும்லா? பக்கத்துலதான நின்னீரு?"

"நின்னேன்."

"பெறவு ஏன் வாயத் தெறக்கல?"

"தெறந்தா என்னைய மட்டுந்தான குத்தஞ் சொல்லுவான். ரெண்டு பேருன்னா பாதிப் பாதி."

கஞ்சா மயக்கத்தில் உளறியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அன்றைக்கு அவர் தெளிவாக இருந்தார்.

அம்மா அவருடைய பாயையும் துணிகளையும் வாசலில் எறிந்தாள். உடனே லயத்து ஆண்கள் நியாயம் பேச வந்துவிட்டார்கள். "ஆம்பளை இல்லாம ஒரு வீடாம்மா? வெளிய தெரிஞ்சா அசிங்கம்லா?" பிள்ளையின் கை வெந்தபோது வராத அசிங்கம், பாய் வெளியே விழுந்ததும் வந்துவிட்டது. அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். எஸ்டேட் கொடுத்த வீடு அவள் பேரில் இருந்ததால் பிழைத்தோம்.

ஆயாவைக் கூட்டிக்கொண்டு அந்த ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். ஆயா எல்லாவற்றையும் விளக்கினாள். ஆபீசர் கேட்டுவிட்டு, "இது அன்னே தெளிச்சு பறயாமாயிருந்நில்லே?" என்றாராம். அன்றைக்கே தெளிவாகச் சொல்லியிருக்கலாமே என்று. என் அம்மா தெளிவாகத்தான் சொன்னாள். தவறாகப் புரிந்துகொள்ள அவருக்கு ஒரு நிமிஷம் போதும், அதைத் திருத்த அவருடைய மேலிடம், அதற்கு மேலிடம் எல்லாம் வேண்டியிருந்தது. அதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது.

ஆயாவோடு இல்லத்துக்குப் போனோம். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒருத்தி தம்பியைக் கூட்டிவந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தான். கையில் தழும்பு மினுமினுத்தது. அம்மா ஓடிப்போய், "என் ராசா, ஆத்தா வந்திருக்கேம்ல, பாரு" என்றாள். அவன் அவளை வெறித்துப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் மறந்திருக்கும் என்று அந்தப் பெண் மலையாளத்தில் சொன்னாள். ஆபீசுக்கு நடந்த நடையில் அம்மாவுக்கு இப்போது அது புரிந்தது, பேசத்தான் வரவில்லை.

பக்கத்தில் நின்ற ஆயாவிடம், "பிள்ளைய வான்னு கூப்பிட மலையாளத்துல எப்படிக்கா சொல்லணும்?" என்று கேட்டாள்.

"வா என்னு தன்னே" என்றாள் ஆயா.

அம்மா கையை நீட்டி, "வா" என்றாள். இரண்டு பாஷையிலும் ஒரே சொல்தான். அவன் அந்தப் பெண்ணின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.