தாய்மாமன் எழுதிய கதை

பாப்பிரெட்டிப்பட்டியில் அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் பிடித்துக்கொண்டாள். "ஏண்டா, உனக்கு எழுத வேற எதுவுமே கெடைக்கலயா?"

விஷயம் இதுதான். பத்திரிகையில் என் கதை ஒன்று வந்திருந்தது. பெண் பார்க்கும் வீடு, தக்காளி போடும் ஒரு அப்பா. விளைச்சலைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர், திடீரென்று எழுந்து, நகை கேட்கிறவன் மாட்டுத் தரகன் என்று ஒரு பக்கத்துக்குப் பொரிந்து தள்ளுகிறார். அவர் எங்கே பேசினார்? பேசினதெல்லாம் நான். எழுதும்போதே உறுத்தியது. நல்லதைத்தானே சொல்கிறோம் என்ற திமிரில் விட்டுவிட்டேன்.

அக்கா வீட்டுக்காரரும் தக்காளிதான் போடுகிறார். அவர் பெண்ணுக்குக் கம்பைநல்லூரில் வரன் பேசி முடிகிற நேரம். யாரோ என் கதையை மாப்பிள்ளை வீட்டுக்கு வாட்ஸப்பில் தள்ளிவிட்டார்கள்.

"நாங்க ஒரு குண்டுமணி நகை கேட்டமாங்கன்னு மாப்பிள்ளையோட அம்மா போன்ல அழுவுது. யோசிச்சு சாயங்காலம் சொல்றாங்களாம்."

"அது வெறும் கதை, அக்கா!"

"பொண்ணு குடுக்கறதுல தாய்மாமன் சொல்றதுதாண்டா எங்க வூட்டு வார்த்தை. நேர்ல சொல்ல முடியாம எழுதிட்டான்னுதான் நெனப்பாங்க."

எரிச்சலாக வந்தது. கதையைக் கதையாகப் படிக்கத் தெரியாதா இந்த ஜனங்களுக்கு? உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனேன், உள்ளே வந்தேன். அக்கா வீட்டுக்காரர் என் முகத்தையே பார்க்காமல் தோட்டத்துக்குக் கிளம்பிப் போனார். மணி ஐந்தைத் தாண்டியும் போன் வரவில்லை.

அக்கா மகள் அடுப்படியிலிருந்து வந்தாள். "நானும் படிச்சேன் மாமா. அதுல அந்தப் பொண்ணு காப்பி கொண்டாந்து வெச்சுட்டு உள்ள போயிடறா. அப்பறம் ஆளயே காணோம்."

"கதையில அவளுக்கு அவ்ளோதான் வேல."

"அவளுக்குப் பையனப் புடிச்சிருக்கா?"

நான் அதை யோசிக்கவே இல்லை. கதையில் மட்டுமா? இவளிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அழுது முகம் வீங்கியிருந்தது. எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

பைக் சாவியை எடுத்தேன். "கம்பைநல்லூர் போயிட்டு வரேன்."

"போயி என்ன சொல்வீங்க?"

"அது வெறும் கதை, நம்ம வூட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு சொல்றேன்."

"அதெல்லாம் வேணாம் மாமா," என்றாள். "எனக்கு அவரப் புடிச்சிருக்குன்னு சொல்லுங்க. அது போதும்."