நீல நிலாவுக்கு ஒரு நாள் லீவு

எனக்கு நிலாவோடு பகை ஒன்றும் கிடையாது. ஆனால் மாதா மாதம் அதற்கு ஒரு பட்டப்பெயர் வைத்து, "குடும்பத்தோடு கண்டு களியுங்கள்" என்று செய்தி போடுகிறவர்கள் மேல் கொஞ்சக் காலம் நல்ல கடுப்பில் இருந்தேன். ஜனவரி வந்தால் ஓநாய் நிலா. மார்ச்சில் புழு நிலா. ஜூனில் ஸ்ட்ரோபெரி நிலா. ஸ்ட்ரோபெரியையாவது ஒப்புக்கொள்ளலாம், நுவரெலியாப் பக்கம் ரோட்டோரத்தில் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். ஓநாய்க்கும் எங்கள் கொட்டகலைக்கும் என்ன சம்பந்தம்? இங்கே சிறுத்தை இருக்கிறது, காட்டுப்பன்றி இருக்கிறது, மழை பெய்தால் கால் நிறைய அட்டை இருக்கிறது. அட்டை நிலா என்று ஒருவரும் செய்தி போட்டு நான் பார்த்ததில்லை.

நான் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் காலையில் கொண்டுவந்து விடும் குழந்தைகளைச் சாயந்திரம் வரைக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும். நிலாச் செய்தியெல்லாம் எனக்கு அங்கேதான் வந்து சேரும். நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பக்கத்து வீட்டு அக்கா தன் பேரப்பிள்ளையை இறக்கிவிட்டு, மலைக்கு ஏறுமுன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டுவார். "இந்தா பாரு, இன்னைக்கு நிலா ரோஸ் கலராம்!" என்பார். மறுநாள் வந்து, "வெள்ளையாத்தான் இருந்துச்சு" என்று என்னிடம் குறைப்படுவார், நான்தான் சாயம் போகவிட்ட மாதிரி.

என் கடுப்புக்குக் காரணம் அந்தக் "குடும்பத்தோடு" என்கிற சொல்தான். என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு சேலைக்கடையில் வேலை. எங்கள் மகளுக்கு எட்டு மாதமாக இருக்கும்போது போனவர். கடைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் நல்ல வியாபாரம், அதனால் ஞாயிறு லீவு கிடையாது. மாதத்தில் கடை முழுதாக மூடுகிற ஒரே நாள் போயா. பௌர்ணமிக்கு நாடு முழுக்க லீவு விட வேண்டும் என்று யார் முடிவு செய்தார்களோ, அவர்கள் பிள்ளைகுட்டிகளெல்லாம் நன்றாக இருக்கட்டும். முதல் நாள் இரவு கடையை மூடியதும் பஸ் ஏறுவார். விடியற்காலை ஹட்டனில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்து, நாங்கள் பல் விளக்கிக்கொண்டு நிற்கும்போது பையோடு படியேறி வருவார்.

அன்று சாயந்திரம் ஐந்தரை பஸ்ஸில் திரும்பப் போய்விடுவார். மறுநாள் காலையில் கடை திறக்க வேண்டுமே. நானும் மகளும் மெயின் ரோடு வரைக்கும் போய் ஏற்றிவிட்டுத் திரும்பி மலை ஏறுவோம். பாதி வழி வரும்போது நிலா கோயில் மலைக்கு மேலே எழும்பி வந்து நிற்கும், தாம்பாளத் தட்டு மாதிரி, ஒரு கீறல் இல்லாமல். நாங்கள் அதைப் பார்க்கிற நேரம் அவர் கினிகத்தேனைப் பக்கம் பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார். ஊருக்கெல்லாம் பௌர்ணமி. எனக்கு அது அவர் போய்விட்டார் என்பதற்கு அடையாளம்.

தீபாவளிக்கு மூன்று நாள் நிற்பாரே என்று கேட்கலாம். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருகிறது. சித்திரைப் புதுவருஷத்துக்கும் நிற்பார். சித்திரைச் சாயந்திரங்களில் எங்கள் பக்கம் இடி மழை, நிலா இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆக மகளுக்கு ஆறு வயது முடிந்தும், முழு நிலாவை நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக நின்று ஒரு தரம்கூடப் பார்த்திருக்கவில்லை. பார்க்காவிட்டால் குடி முழுகிவிடாதுதான். ஆனாலும் எனக்கு அது ஆசையாக இருந்தது.

எங்கள் வீட்டுக் கலண்டரில் போயா நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் எழுதியிருக்கும். சந்திக் கடைக்காரர் துருது, நவம், பொசன் என்று சிங்களத்தில் சொல்வார். கோயில் ஐயர் தைப்பூசம், மாசி மகம், சித்ரா பௌர்ணமி என்பார். எங்கள் வீட்டில் அந்தப் பெயரெல்லாம் செல்லாது. அப்பா வந்துபோன பிறகு, அன்றைக்கு என்ன நடந்ததோ அதை மகள் பென்சிலால் எழுதி வைப்பாள். அவளுக்கு எழுதத் தெரியாத காலத்தில் அவள் சொல்ல நான் எழுதினேன். அவர் ஓர் அளவு சின்னதாகச் செருப்பு வாங்கி வந்து, அவளும் விடாமல் அதையே மாட்டிக்கொண்டு கோயிலுக்கு நொண்டி நொண்டி நடந்தது செருப்புப் போயா. அவிசாவளையில் ஏறும்போதே ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு, பஸ் முழுக்க அவரை முறைக்க முறைக்க வந்து சேர்ந்தது பலாப்பழப் போயா. காய்ச்சலோடு வந்து பகல் முழுக்கப் படுத்துக் கிடந்துவிட்டு அப்படியே எழுந்து போனது காய்ச்சல் போயா. சண்டைப் போயா என்றும் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன், தப்பு அவர் பேரில்.

ஒரு நாள் குழந்தைகளெல்லாம் தூங்கிய நேரத்தில், அந்த ஓநாய்ப் பெயர் எங்கிருந்து வந்தது என்று ஒரு செய்தியை முழுதாக வாசித்துப் பார்த்தேன். குளிர் காலத்தில் ஊருக்கு வெளியே ஓநாய் ஊளையிடும், அதனால் ஓநாய் நிலா. பழம் பழுக்கிற மாதம் ஸ்ட்ரோபெரி நிலா. மண் இளகிப் புழு வெளியே வருகிற மாதம் புழு நிலா. அட, அந்த ஊர்க்காரர்களும் எங்களைப் போலத்தானே என்று தோன்றியது. அந்த மாதம் வாசலில் என்ன நடந்ததோ அதைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தவர்கள் மேல் இருந்த கோபம் அன்றோடு போய்விட்டது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் தலையில் கட்டுகிறவர்கள் மேல் இருந்தது மட்டும் அப்படியே இருந்தது.

அப்புறம்தான் நீல நிலா வந்தது. சில வருஷத்துக்கு முந்திய ஓர் ஆகஸ்ட். மாதம் பிறந்த முதல் நாளே போயா, மாதக் கடைசியிலும் ஒரு போயா. ஒரே மாதத்தில் இரண்டு பௌர்ணமி வந்தால் இரண்டாவதற்கு நீல நிலா என்று பெயராம். அதோடு அது பூமிக்குக் கிட்டவும் வருகிறதாம், ஆகவே சூப்பர் நீல நிலா. ரேடியோ, டிவி, போன் எல்லாவற்றிலும் அதே பேச்சு. எங்கள் லயத்தில் நீலம் கரு நீலமா வெளிர் நீலமா என்றுகூட வாக்குவாதம் நடந்தது. "மேல யாரும் சொட்டு நீலம் போட்டு அலசி வெச்சிருக்காங்களா?" என்று நான் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். "ஒனக்கு எல்லாத்துலயும் நக்கல்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் காட்டிய செய்தியைக் கடைசி வரி வரைக்கும் வாசித்துப் பார்த்தேன். பத்து வரிக்குத் துள்ளிக் குதித்துவிட்டு, பதினோராவது வரியில் 'நிலா நீல நிறத்தில் தெரியாது' என்று போட்டிருந்தார்கள்.

முதல் போயாவுக்கு அவர் வந்து போனார். ஏற்றிவிட்டுத் திரும்பும்போது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "அம்மா, இந்த மாசம் அப்பா ரெண்டு தரம் போவாரா?"

வருவாரா என்று அவள் கேட்கவில்லை. போவாரா என்றுதான் கேட்டாள். நான் மட்டும்தான் அந்த நிலாவை அப்படிப் பார்க்கிறேன் என்று ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே அவரோடு போனில் பேசும்போது ஆரம்பித்தேன்.

"என்னங்க, ஒண்ணு கேக்கணும்."

"என்ன, அடுப்புக் காஸ் முடிஞ்சிருச்சா?"

"காஸெல்லாம் இருக்கு. அடுத்த போயாவுக்கு ராத்திரி நின்னுட்டு, மறுநா போங்க."

"மொதலாளி விடமாட்டாரு புள்ள. என்னான்னு கேக்குறது?"

என்ன காரணம் சொல்வது? திருவிழா முடிந்துவிட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வாய் கூசாமல் சொல்ல எனக்கு வராது. அவர் முதலாளியிடம் முன்பு மகளின் காது குத்துக்குக்கூட ஒரு நாள் கேட்டுக் கிடைக்கவில்லை. கடைப் பையன்களுக்கு வருஷத்துக்கு நாலு பெரியப்பா சாகிறார்கள் என்று பழகிப்போன மனிதர், எதையும் நம்பமாட்டார்.

"நிலா பாக்கணும்னு கேளுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். நான் விடவில்லை. "அபூர்வமாம். இது மாதிரி இனி எத்தனையோ வருஷத்துக்கு வராதாம். பேப்பர்லயே போட்டிருக்கு. குடும்பத்தோட பாக்கணுமாம்." எந்தச் செய்தியை வாய்க்கு வந்தபடி திட்டினேனோ, அதையே வரி பிசகாமல் ஒப்பித்தேன். ஆபத்துக்குப் பாவமில்லை.

இரண்டு நாள் கழித்து ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. அவர் குரலே வேறு மாதிரி இருந்தது.

"கேட்டேன் புள்ள. உண்மையத்தான் சொன்னேன். மக எங்கூட நிலா பாத்ததில்ல, அதுக்கு ஒரு நா வேணும்னு. என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்பறம் சொல்றாரு, பொய் சொல்றவன் இந்த மாதிரி காரணம் சொல்ல மாட்டான், போயிட்டு வான்னு."

நான் போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று கொஞ்சம் அழுதேன். சந்தோஷத்தில்தான். ஓநாய், புழு என்று செய்தி எழுதிய அத்தனை பேரையும் அன்றைக்கு மன்னித்தேன்.

அந்தப் போயா அன்று விடியற்காலை அவர் வந்தார். பகல் எப்போதும் போலப் போனது, கோயில், சாப்பாடு, கூரைத் தகரத்தில் ஒழுகுகிற இடத்துக்கு ஒட்டுப் போடுவது. ஐந்தரைக்குக் கீழே ரோட்டில் பஸ் ஹோர்ன் கேட்டதும் மனிதர் தன்னையறியாமல் எழுந்து நின்றார். பையைத் தேடிக் கையும் போய்விட்டது. மகள் ஓடிப்போய் பையின் மேல் உட்கார்ந்துகொண்டாள். "இன்னைக்கு லீவுப்பா" என்றாள். அவரும் அசடு வழிய உட்கார்ந்தார். பஸ் சத்தம் வளைவு திரும்பித் தேய்ந்து போகும்வரை நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆறு மணிக்கு லயமே கோயில் மேட்டில் கூடியது. ஆளுக்கொரு போன். அவர் மகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தார். கீழே பள்ளத்திலிருந்து மிஷின் போட்ட மாதிரிப் பனிமூட்டம் ஏறி வந்தது. முதலில் கொழுந்து அரைக்கிற ஸ்டோர் மறைந்தது, பிறகு தேயிலை மறைந்தது, பிறகு கோயில் கோபுரம். கடைசியில் பக்கத்தில் நின்ற ஆளே மங்கலாகத்தான் தெரிந்தார். அரை மணி நேரம் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "நீலமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல" என்று பக்கத்து வீட்டு அக்கா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கிப் போனார். எனக்கு என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. வாங்க முடியாத லீவை வாங்கி, பனியில் கரைத்துவிட்டேனே என்று.

"மொதலாளி கேட்டா என்னத்த சொல்றது?" என்றார் அவர்.

"பாத்தோம்னு சொல்லுங்க" என்றேன்.

"நீலமா இருந்துச்சான்னு கேப்பாரு."

"பனிக்குள்ள இருந்துச்சின்னு சொல்லுங்கப்பா. பொய் இல்லதானே?" என்றாள் மகள் தோளிலிருந்து. அவர் வாய்விட்டுச் சிரித்தார். அதோடு என் பயமும் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து ரொட்டி சுட்டேன். சம்பலோடு அவர் நாலு தின்றார். எட்டு மணிக்கு மகளுக்குக் கதை சொல்கிறேன் என்று படுத்தவர், ராஜா குதிரையில் ஏறிய இடத்திலேயே தூங்கிவிட்டார். அப்புறம் ராஜா எங்கே போனார் என்று அவள் அவரை உலுக்கிப் பார்த்துவிட்டு, அவர் கைக்குள் தலையை வைத்துத் தானும் தூங்கினாள்.

கலண்டரில் அந்த நாளுக்கு மகள் 'நிலா வராத போயா' என்று எழுதினாள். அந்தத் தாளை நான் எறியவில்லை, பெட்டியில் இருக்கிறது. அவள் எழுதியது சரியில்லை என்று எனக்குத் தெரியும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் விடிய ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு கதவைத் திறந்தேன். பனி சுத்தமாகப் பள்ளத்துக்கே இறங்கிவிட்டிருந்தது. ஸ்டோர்க் கூரைக்கு மேலே, மேற்கில், முழு நிலா. பால் வெள்ளை. ஒரு பொட்டு நீலம் கிடையாது. செய்தியில் சொன்னது போல உண்மையிலேயே பெரிதாகத்தான் இருந்தது, தேயிலைச் செடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. என் பின்னால் வீட்டுக்குள் அவருடைய குறட்டைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நிலாவும் அந்தச் சத்தமும் ஒரே நேரத்தில் எனக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

எழுப்பலாம் என்று திரும்பினேன். வாசற்படி வரைக்கும் போனேன். இதற்காகத்தானே லீவு கேட்டு வந்தார். ஆனால் எழுப்பினால் நிலாவைப் பார்ப்பார், பார்த்த கையோடு மணியையும் பார்ப்பார். பஸ்ஸுக்கு இன்னும் எத்தனை மணி நேரம் என்று அவர் மனசு அந்த நிமிஷமே கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

குடத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, வெளிச்சம் உள்ளே விழாதபடி கதவைச் சாத்தினேன்.