அயனம்பாக்கம் ஏரியில் ஈப்போ மாப்பிள்ளை

1969 மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினோம். என் பெட்டி ஒன்று, என் கணவரின் பெட்டி ஒன்று, இருபத்திரண்டு அடி நீளத்தில் மூன்றாவது பெட்டி ஒன்று. அந்த மூன்றாவதற்குள்தான் அவருடைய மூத்த தாரம் படுத்திருந்தது. எனக்கு முன்பே அவர் வாழ்க்கையில் வந்துவிட்ட கிளைடர் அது. எஞ்சின் கிடையாது. ஒருவர் மட்டும் உட்கார்ந்து, காற்றை நம்பிப் பறக்கிற விமானம்.

சுங்க அதிகாரி பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“எஞ்சின் எங்கே?”

“இதுக்கு எஞ்சின் இல்லைங்க,” என்றார் இவர்.

“அப்புறம் எப்படி மேலே போகும்?”

“கயிறு கட்டி இழுத்துவிடணும்.”

“கீழே எப்படி வரும்?”

“அது தானா வந்துடும்,” என்றேன் நான். அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் இதே பெட்டியில் திரும்பக் கொண்டுபோய்விட வேண்டும், இங்கே விற்கக் கூடாது என்று சொல்லி விட்டுவிட்டார்.

நாங்கள் குடியிருக்கும் ஈப்போவில் இல்லாத வானமா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். என் மாமனார் பூந்தமல்லியிலிருந்து சின்ன வயதில் மலாயாவுக்குப் போனவர், திரும்பாமலே காலமானவர். அந்த மண்ணை ஒரு தடவை மேலேயிருந்து பார்க்கணும் என்றார் இவர். அதற்குமேல் சண்டை போட எனக்கு மனம் வரவில்லை. பறப்பதற்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுமதி கிடைத்திருந்தது. செங்குன்றம் தாண்டி ஒரு பழைய ஓடுபாதையில் கிளம்பலாம். ஆவடிக்கு மேலே மட்டும் போகவே கூடாது.

துறைமுகத்திலிருந்து ஆவடி பதினைந்து மைல். நாற்பத்தைந்து ரூபாய்க்கு லாரி பேசினோம். டிரைவர் கன்னியப்பன் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

“இன்னாமா இது, இம்மாம் நீட்டு?”

“ஏரோப்ளேன்.”

“மடிச்சு வச்சுகீதா?” என்றவர், அதன் பிறகு வண்டியை மாட்டு வண்டி வேகத்துக்குமேல் ஓட்டவில்லை. அம்பத்தூரில் நான் விட்டுப்போன வயல்களெல்லாம் தொழிற்சாலைகளாகியிருந்தன. பாதி இடங்கள் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அப்பா ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர். சொந்த ஊர் காட்டுப்பாக்கம், இப்போது ஆவடி குவார்ட்டர்ஸ். ஈயச் சுரங்கத்தில் கணக்கு எழுதுகிற மாப்பிள்ளை என்று நம்பித்தான் என்னைக் கொடுத்தார். பறக்கிற விஷயம் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று முதல் கடிதம் எனக்கு மட்டுமே வரும். இவரைப் பற்றி அதில் ஒரு வரி இருக்காது.

நேரில் வந்தும் அதே கதைதான். இவர் கைக்கெட்டும் தூரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அப்பா என்னிடம் சொன்னார்: “உங்க ஊட்டுக்காரர இன்னொரு தோசை துன்ன சொல்லு.”

“அவரு இங்கதான் கீறாரு நைனா. நீயே சொல்லேன்.”

அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். திட்டினால்கூடத் தேவலை. எனக்கு அழுகையாக வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அந்தப் பொட்டி போவட்டும், அந்தாளும் போவட்டும். நீ இங்கயே இரு. என்னிக்காவது கீழ உயுந்துட்டார்னு தந்தி வரும். அந்தத் தந்திய நான் வாங்க மாட்டேன்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரண்டு பேரில் யாரை விடுவது என்று இரவெல்லாம் புரண்டு படுத்தேன்.

ஞாயிறு காலை ஓடுபாதையில் இவரும் கன்னியப்பனும் இறக்கைகளைப் பூட்டினார்கள். அப்பா “சும்மா குந்திகினு வரேன்” என்று லாரியில் வந்து, அதன் நிழலை விட்டு நகரவில்லை. பதினொன்றரைக்கு ஒரு ஜீப் கயிற்றால் இழுத்து ஓட, கிளைடர் மேலே போனது. கயிறு விழுந்ததும் சத்தமே இல்லை. தூரத்தில் இரண்டு பருந்துகள் வட்டமிட்டன. பருந்து சுற்றும் இடத்தில் காற்று மேலே தூக்கும் என்பார் இவர். போய் அவற்றோடு சேர்ந்துகொண்டார். அப்பா தலையைத் தூக்கிப் பார்ப்பதை நான் பார்த்தேன். அவர் உடனே பீடி பற்றவைத்தார்.

சுற்றிச் சுற்றித் தெற்கே போன கிளைடர் கொஞ்ச நேரத்தில் கண்ணுக்கு மறைந்தது. ஒரு மணிக்குக் கடல்காற்று வந்து வெயிலின் சூட்டை அடக்கிவிட்டது. தரையில் சூடு இல்லாவிட்டால் காற்று தூக்காது. இரண்டு மணியாகியும் ஆள் வரவில்லை.

“கன்னியப்பா, வண்டிய எடு,” என்றார் அப்பா.

அம்பத்தூரில் ஒரு டீக்கடையில் நிறுத்தி விசாரித்தோம். டீ பதினைந்து பைசா. அப்பா வாங்கியதைக் குடிக்காமல் வைத்துவிட்டார். “தாழ்வா போச்சுங்க, அயனம்பாக்கம் பக்கமா,” என்றார் கடைக்காரர்.

அயனம்பாக்கம் ஏரியில் பாதிதான் தண்ணீர். காய்ந்த பக்கத்தில், எருமைகளுக்கு நடுவே, கிளைடர் ஒரு கீறல் இல்லாமல் நின்றது. கரையில் பனைமரத்தடியில் ஊரே கூடியிருந்தது. நடுவில் இவர். தலையாரி இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“எந்த ஊருய்யா நீ?”

“ஈப்போ.”

“இப்போதான்யா கேக்கறேன். எந்த ஊரு?”

“ஈப்போங்க.”

“ஒரு மணி நேரமா இதையே சொல்லிகினு கீறான்,” என்று தலையாரி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

பாகிஸ்தானோடு சண்டை முடிந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. பக்கத்திலேயே ராணுவத் தொழிற்சாலை. வானத்திலிருந்து இறங்கி, ஊர் பேரைக் கேட்டால் ஏதோ உளறுகிறவனை அவர்கள் சந்தேகப்பட்டது நியாயம்தான். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு முடியவில்லை.

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். தலையாரி நிமிர்ந்து பார்த்தார்.

“நீ யாரு? இந்தாளு உனுக்கு இன்னா ஆவணும்?”

நான் வாயைத் திறந்தேன். அப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

“எம் மாப்ள,” என்றார். “எம் பொண்ணக் கட்னவரு. ஈப்போன்றது மலேயால கீற ஊரு. சட்ட மேலேர்ந்து கைய எடு.”

தலையாரி கையை எடுத்தார். அப்பா இவர் தோளையும் முழங்கையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“எங்கனா அடி கிடி பட்டுச்சா மாப்ள?”

“இல்ல மாமா.”

“அறிவு கீதா உனுக்கு?” என்று அடுத்த மூச்சில் திட்டினார். இவர் தலை குனிந்து ஒவ்வொரு வார்த்தையையும் விருந்து சாப்பிடுகிறவர்போல் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் அதே தலையாரி ஆள் அனுப்பி நுங்கு வெட்டிக் கொடுத்தார். அதே கூட்டம்தான் இறக்கைகளைக் கழற்றித் தூக்கி லாரியில் ஏற்றியது. வழியில், பூந்தமல்லி மேலே இரண்டு சுற்றுச் சுற்றியும் தன் அப்பா இருந்த தெரு தெரியவில்லை என்றார் இவர். “எந்தத் தெரு? நாளிக்கி இட்டும்போறேன், நடந்தே பாக்கலாம்,” என்றார் என் அப்பா. என்னை இங்கேயே இருக்கச் சொன்ன பேச்சு அதன்பின் எழவில்லை. ஊருக்குக் கிளம்பும் நாளில் என் பெட்டியை அவரே தூக்கி வந்தார்.

ஈப்போவில் இவர் எந்தத் தோட்டத்தில் இறங்கினாலும் கை குலுக்கி அனுப்பிவிடுவார்கள். இவர் யாருக்கு என்ன ஆகவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அயனம்பாக்கத்தில் கேட்டார்கள். அந்த ஊருக்கு நான் காலமெல்லாம் கடமைப்பட்டவள்.

துறைமுகத்தில் அப்பா என்னிடம் அதிகம் பேசவில்லை. இவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாகக் கூட்டிப் போனார்.

“அடுத்த தபா எங்க எறங்கப் போறேன்னு முன்னாடியே சொல்லிடு மாப்ள,” என்றார். “நான் அங்க வந்து நின்னுகினு கீறேன்.”