கடலுக்கடியில் காலைப் பிடித்த கை

இரண்டு வருடங்களுக்கு முன், மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடலூர் துறைமுகத்திலிருந்து படகு கிளம்பும்போதே எனக்கு மனசு சரியில்லை.

கூப்பிட்டது என் மனைவியின் தம்பி. மீனவக் குடும்பம், சிலிண்டர் மாட்டி, சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போவது அவர் வேலை. நான் சிதம்பரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் காதல் கல்யாணத்தன்று, "உன்ன சும்மா வுட மாட்டேன்" என்று ஊரறிய என்னைப் பார்த்துக் கத்தியவர் அவர். அதன்பின் பேச்சே இல்லை. திடீரென்று ஒருநாள் போன். "மாமா, புதுச்சேரில டைவிங் பழகுறீங்களாமே? நம்ம பக்கம் வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

மனைவிக்கு ஒரே சந்தோஷம். எனக்கோ, இத்தனை நாள் இல்லாத பாசம் இப்போது எதற்கு என்றிருந்தது.

நடுக்கடலில் என் இடுப்புப் பட்டையில் இன்னொரு ஈயக்கட்டியைக் கோர்த்தார். எதற்கு என்றேன்.

"நீவாடு ஜாஸ்தி மாமா. வெயிட்டு கொறஞ்சா மேல தூக்கிடும்."

நீவாடு என்றால் நீரோட்டம். நங்கூரமும் போடவில்லை. நீரோட்டம் எங்களை இழுத்துப் போகுமாம். அவர் கையிலிருக்கும் கயிற்றின் மறுமுனையில் ஒரு மிதவை மேலே வருமாம். அதைப் பார்த்துப் படகு பின்னாலேயே வருமாம். படகோட்டியிடம் தனியாக ஏதோ சொல்லிவிட்டு வந்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

உள்ளே இறங்கியதும், வாய்க்காலில் வைக்கோல் போவதுபோல் போனேன். கையைக் காலை அசைக்கவே வேண்டாம். பாறைகள் எனக்குக் கீழே ஓடின. அழகுதான். ஆனால் என் கண் மச்சான் மேலேயே இருந்தது.

திடீரென்று அவர் கையிலிருந்த கயிறு தொய்ந்து, அறுந்த முனை கீழே வந்து விழுந்தது. இவரே அறுத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். மேலே போய்விட உதைத்து எழும்பினேன். அவர் என் காலைப் பிடித்துக் கீழே இழுத்தார். கல்யாணத்தன்று சொன்னதைச் செய்கிறான் என்று தோன்றியது. பலம்கொண்ட மட்டும் அவர் முகத்தில் உதைத்தேன். கண்ணாடி கழன்று போனது. அப்போதும் விடவில்லை, இரண்டு காலையும் கட்டிக்கொண்டு மணலோடு சேர்த்து அமுக்கினார்.

அப்போதுதான் ஒரு எஞ்சின் சத்தம் காதில் உறைத்தது. தலைக்கு மேல் நீளமாக ஒரு நிழல், வெள்ளை நுரை. கரை திரும்பும் விசைப்படகு. அதற்கு முன்னால் போன இன்னொரு படகின் அடியில் சுழலும் விசிறிதான் கயிற்றை அறுத்திருக்கிறது.

சத்தம் அடங்கிய பிறகு மேலே வந்தோம். மிதவை இல்லாததால் எங்கள் படகு எங்கோ தேடிக்கொண்டிருந்தது. அது வரும்வரை, அலை எங்களைப் பிரித்துவிடாமல் என் கையைப் பிடித்தபடியே விசிலடித்துக்கொண்டிருந்தார். மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது.

படகில் ஏறியதும் கேட்டார். "நான் எதுனா செஞ்சிடுவேன்னு நெனச்சீங்களா மாமா?"

துண்டை எடுத்து அவர் மூக்கில் வைத்து அழுத்தினேன்.

"அக்காவப் பாக்கணும். வூட்டுக்கு வரட்டுமான்னு கேக்கத்தான் கூப்டேன். போன்ல வாய் வரல."

அன்று சாயங்காலமே என் வண்டியில் சிதம்பரம் வந்தார். வீங்கிய மூக்கைப் பார்த்து மனைவி பதறினாள். நான் வாயைத் திறப்பதற்குள், "படகுல இடிச்சிக்கிட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

சந்தேகத்தோடு பார்க்கிறவனுக்கு, அமுக்குகிற கையும் காப்பாற்றுகிற கையும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பதை, யாரையாவது தப்பாக நினைக்கத் தொடங்கும்போதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.