பின்சீட்டுக்கு ஓடிய கதை

எங்கள் ஆபீஸ் கேபில் முன்சீட் எனக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. பெயர் எழுதி ஒட்டவில்லை, அவ்வளவுதான். எனக்கு முன்பே இரண்டு பேர் ஏறியிருந்தாலும் அவர்கள் பின்னால்தான் இருப்பார்கள். எனக்கு அடுத்த ஸ்டாப்பில் ஏறும் அக்கவுண்ட்ஸ் சார் ஆறடி உயரம். அவரும் காலை மடக்கி, தலையைக் குனிந்து பின்னால்தான் நுழைவார். வெளியிலிருந்து பார்த்தால் சம்பந்தியம்மாவுக்குக் கிடைக்கும் மரியாதை மாதிரி இருக்கும். உண்மையான காரணம் என் இடுப்பின் அகலம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் பின்சீட்டில்தான் உட்கார்ந்தேன். பக்கத்தில் என் தோழி. தருமபுரிக்காரி, ஒரே டீமில் டெஸ்டிங் வேலை, பேச ஆரம்பித்தால் எலெக்ட்ரானிக் சிட்டி வருகிற வரைக்கும் வாய் ஓயாது. பொம்மனஹள்ளியிலிருந்து ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் மேனேஜரில் தொடங்கி கேன்டீன் சாம்பார் வரை எல்லாரையும் எல்லாவற்றையும் கிழித்துத் தொங்கப் போட்டுவிடுவோம். அந்தப் பயணம் மட்டும் இல்லையென்றால் நான் அந்த வேலையை எப்போதோ விட்டிருப்பேன்.

பிறகு ஒரு மழை நாளில் பின்கதவு சாத்த வரவில்லை. டிரைவர் இறங்கி வந்து இரண்டு முறை அறைந்து பார்த்தார். மூன்றாவது முறை தோளைக் கொடுத்துத் தள்ளியதும் கதவு சாத்திக்கொண்டது. எதிர்ப்பக்கக் கோடியில் இருந்த பெண், புதிதாகச் சேர்ந்தவள், முருங்கைக்காய் மாதிரி இருப்பாள், "ஹக்" என்று ஒரு சத்தம் போட்டாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம். மறுநாள் காலை தோழி என்னிடம், "நீ முன்னாடி ஃப்ரீயா உக்காரு டி, எதுக்கு இங்க வந்து கஷ்டப்படற?" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அதனால்தான் எனக்கு அழுகை வந்தது.

முன்சீட் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முகத்தில் நேராக வெயில். பக்கத்தில் வருடம் முழுவதும் ஐயப்பன் பாட்டுப் போடும் டிரைவர். பின்னால் திடீரென்று சிரிப்பு வெடிக்கும். நான் கழுத்தை முறித்துத் திரும்பி, "என்ன? என்ன?" என்பேன். "ஒண்ணுமில்ல டி, அப்பறம் சொல்றேன்" என்பாள் தோழி. சொன்னதே இல்லை. கடைசியில் வெயில் மறைக்கும் பலகையைக் கீழே இறக்கி, அதில் இருக்கும் சின்னக் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டே போக ஆரம்பித்தேன். பொட்டு சரி செய்கிற சாக்கில் அவர்கள் வாயசைவைப் படிக்கப் பார்ப்பேன். ஒரு பொட்டை எவ்வளவு நேரம்தான் சரி செய்வது?

அதனால்தான் ஓடுவது என்று முடிவு செய்தேன். டாக்டர் சொல்லவில்லை, சர்க்கரை இல்லை, பழைய ஜாக்கெட்டில் நுழையும் ஆசையும் இல்லை. எனக்குப் பின்சீட் வேண்டும்.

"நாளையிலேருந்து காலைல ஓடப் போறேன்" என்று வீட்டில் அறிவித்தேன்.

கணவர் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "யாரு துரத்தறா?" என்றார்.

அவருடைய டிராக் பேன்ட்டை அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டேன். மேலே ஆபீஸ் ஆண்டு விழாவில் கொடுத்த டீ-ஷர்ட். என் உடம்பை இறுக்காமல் இருந்தது அது ஒன்றுதான். அதன் முதுகில் ஆங்கிலத்தில், வேகமே எங்கள் அடையாளம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. டிராக் பேன்ட்டில் பாக்கெட் இல்லை. வீட்டுச் சாவியைக் கொண்டு போகாவிட்டால் கணவரை எழுப்ப வேண்டும், அதற்கு மேளம்தான் அடிக்க வேண்டும். அதனால் சாவியை ஆபீஸ் ஐடி கார்டு பட்டையில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அந்தச் சாவியால் எனக்கு நேர்ந்த கஷ்டங்களை இனிமேல் கேளுங்கள்.

முதல் நாள் தெருமுனைப் பிள்ளையார் கோவில் வரை ஓடினேன். நான் நின்ற பிறகும் என் வயிறு இன்னும் கொஞ்ச தூரம் ஓடியது. கோவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நான் விட்ட மூச்சைப் பார்த்து, சாமி கும்பிட வந்த அம்மாள் ஒருவர் எனக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டார். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து என்னை ஒரு பார்வை பார்த்தது. துரத்தலாம் என்றுதான் எழுந்தது. ஏதோ பாவம் பார்த்துத் திரும்பப் படுத்துக்கொண்டது.

இரண்டாம் நாள் தைரியமாக மெயின் ரோட்டுக்கு வந்தேன். ஓட ஆரம்பித்துக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, ஒரு தண்ணி டேங்கர் லாரி கிறீச்சென்று என் பக்கத்தில் நின்றது.

"அக்கா, கேப் போயிடுச்சா? ஏறுக்கா, சிக்னல்ல புடிச்சிரலாம்!"

டிரைவர் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆள், பேச்சிலேயே தெரிந்தது. நான் முதலில் விழித்தேன். பிறகுதான் விளங்கியது. கழுத்தில் ஐடி கார்டு ஆட, விடிகாலையில் ஒரு பெண் மூச்சிரைக்க ஓசூர் ரோட்டில் ஓடினால் அதற்கு இந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். ஆபீஸ் கேபைத் தவற விட்டுவிட்டாள். இந்த ஊரில் பாதிப் பேர் ஒருநாளாவது அப்படி ஓடியிருப்பார்கள். பார்த்தால் மனசு கேட்காது.

"இல்லப்பா, நான் உடம்பு குறைக்க ஓடறேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு வாய் வரவில்லை. கேபை விட்டவள் என்றால் ஊரே அனுதாபப்படும். உடம்பைக் குறைக்க ஓடுகிறவள் என்றால் முதலில் அந்த உடம்பை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்து லாரியில் ஏறிவிட்டேன். சிக்னலில் இறங்கி, யாரோ ஒருவருடைய கேபை நோக்கிக் கையை ஆட்டிக்கொண்டே போய், லாரி மறைந்ததும் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

"இன்னிக்கு ரொம்ப தூரம் போயிட்ட போல?" என்றார் கணவர்.

"ஆமா" என்றேன். பொய்யில்லையே.

அதன் பிறகு ஓடக் கிளம்பினாலே யாராவது என்னைக் காப்பாற்றிவிடுவார்கள். பால் வேன் காப்பாற்றியது. வேறு கம்பெனி கேப்கள் காப்பாற்றின. ஸ்கூட்டரில் வந்த காலேஜ் பெண் ஒருத்தி தன் ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் மாட்டிக் காப்பாற்றினாள். ஓட ஆரம்பித்த பிறகு நான் நடந்ததுகூடக் குறைந்துபோனது. ஊரிலேயே மிக அதிகமாக வண்டியில் போன ஓட்டக்காரி நானாகத்தான் இருப்பேன். எடை பார்த்தேன். ஏறியிருந்தது.

ஐடி கார்டைக் கழற்றிவிட்டு ஓடலாமே என்று நீங்கள் கேட்கலாம். கணவரும் கேட்டார். அது இல்லாமல் அந்த ரோட்டில் ஓட எனக்குக் கூச்சமாக இருந்தது. கழுத்தில் அது தொங்கினால் நான் அவசரத்தில் இருப்பவள். இல்லாவிட்டால் வெறும் குண்டுப் பெண்மணி.

ஒருநாள் பஸ்ஸே நின்றது. கண்டக்டர் விசில் ஊதி நிறுத்தி, படியில் தொங்கிக்கொண்டு, "ஹத்தி மேடம், ஹத்தி!" என்று கையை நீட்டினார். ஏறச் சொல்கிறார். பஸ் முழுக்க ஜன்னல் வழியாக என்னைப் பார்க்கிறது. பின்னால் ஹார்ன் சத்தம். அன்றைக்கு என்னமோ தெரியவில்லை, எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்துவிட்டது. இப்படியே ஏறிக்கொண்டிருந்தால் முன்சீட்டிலேயே எனக்கு அறுபதாம் கல்யாணம் நடந்துவிடும். எனக்குத் தெரிந்த கன்னடத்தையெல்லாம் திரட்டிக் கத்தினேன்.

"ஓடோக்கே ஓட்தா இதீனி, சார்!"

ஓடுவதற்காகவேதான் ஓடுகிறேன் என்று அர்த்தம். சொன்ன பிறகு எனக்கே அது பெரிய தத்துவம் மாதிரிக் கேட்டது. கண்டக்டர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு பஸ்ஸுக்குள் திரும்பி அதையே எல்லாருக்கும் உரக்கச் சொன்னார். நான் பயந்த பார்வை வந்தது. மேலும் கீழும் எல்லாரும் பார்த்தார்கள். பின்சீட்டில் யாரோ கை தட்ட, மொத்த பஸ்ஸும் தட்டியது. பஸ் போய்விட்டது. நான் சாகவில்லை. பெரிய ஆச்சரியம்.

அந்தச் செய்தி எப்படித்தான் பரவியதோ, அதற்குப் பிறகு எனக்காக ஒரு வண்டியும் நிற்கவில்லை. டேங்கர் டிரைவர் ஹார்ன் அடித்து, "சூப்பர்க்கா!" என்று கத்திவிட்டுப் போவார். கண்டக்டர் படியிலிருந்து சலாம் வைப்பார். வேறு வழியில்லாமல் நான் நிஜமாகவே ஓட வேண்டியதாயிற்று. பிள்ளையார் கோவில் தாண்டி, பேக்கரி தாண்டி, மேம்பாலத் தூண்கள் தொடங்கும் இடம் வரை போனேன். திரும்பி வந்து நான் சாப்பிட்ட தோசைகளைப் பற்றி இங்கே பேச வேண்டாம். எடை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முன்சீட்டிலேயே இருந்தேன்.

அப்புறம் ஒருநாள் கேப் என்னை நிஜமாகவே விட்டுவிட்டுப் போனது. டிபன் பாக்ஸில் சாம்பார் ஒழுகி, பையைத் துடைத்து, கீழே ஓடி வந்து பார்க்கிறேன், தெருமுனையில் வண்டியின் பின்பக்கம் தெரிகிறது. குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் நின்றால் டிரைவரின் போனில் மணி அடிக்கும். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அடுத்த ஸ்டாப் அக்கவுண்ட்ஸ் சார் ஏறும் பெட்ரோல் பங்க். தோழிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பேச்சு சுவாரசியத்தில் இருந்திருப்பாள்.

ஓடினேன். சுடிதார், ஆபீஸ் செருப்பு, தோளில் கைப்பை, கையில் சாம்பார் வாசனை வீசும் சாப்பாட்டுப் பை, கழுத்தில் ஐடி கார்டு. ஒரு ஆட்டோவைப் பார்த்துக் கையைக் காட்டினேன்.

"நீங்க ஓடுங்க மேடம், நான் கெடுக்க மாட்டேன்" என்று சிரித்துவிட்டுப் போனார் ஆட்டோக்காரர்.

டேங்கர் வந்தது. "கேப் போயிடுச்சுப்பா! நிஜமாவே போயிடுச்சு!" என்று கத்தினேன்.

"இன்னிக்கு ஸ்பீடு அள்ளுதுக்கா!" என்று கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போனார்.

கொஞ்ச தூரம் தாண்டி வழக்கமான நெரிசல். எல்லாம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. டேங்கரைத் தாண்டினேன். ஆட்டோவைத் தாண்டினேன். பஸ்ஸைத் தாண்டும்போது, "ஓடி மேடம், ஓடி!" என்று கன்னடத்தில் கத்தி, கண்டக்டர் விசிலே ஊதினார். இந்தப் படுபாவிகள் எல்லாரையும் திட்டிக்கொண்டே ஓடியதில், பேக்கரி எப்போது போனது, தூண்கள் எப்போது வந்தன என்று நான் கவனிக்கவே இல்லை. மூச்சு வாங்குகிறதா என்று நினைத்துப் பார்க்க நேரமில்லை.

பெட்ரோல் பங்க் வாசலில் எங்கள் கேப் நின்றிருந்தது. அக்கவுண்ட்ஸ் சார் ஏறிவிட்டார். முன்சீட்டில். சீட்டைப் பின்னால் தள்ளி, அந்த நீளக் கால்களை முழுதாக நீட்டி, பெல்ட் போட்டு, கண்ணை மூடியிருந்தார். ஒரு மனிதர் அவ்வளவு நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை. நான் ஜன்னலைத் தட்டியதும் பதறி எழுந்து பெல்ட்டைக் கழற்றப் போனார்.

"இருங்க சார்" என்று சொல்லிவிட்டு, பின்கதவைத் திறந்தேன்.

தோழி வாயைப் பிளந்தாள். "ஏ, எங்கிருந்து டி வர்ற?"

"வீட்லேருந்து" என்றேன். "தள்ளு."

தள்ளினாள். முருங்கைக்காய்ப் பெண்ணும் தள்ளினாள். வயிற்றை உள்ளே இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவை இழுத்தேன். முதல் தடவை சாத்தவில்லை. இரண்டாவது தடவை சாத்திக்கொண்டது. ஹக் என்று யாரும் சொல்லவில்லை.

நான் இவ்வளவு நாள் ஏங்கிய பேச்சைக் கடைசியில் காது குளிரக் கேட்டேன். முருங்கைக்காய்ப் பெண் தங்கியிருக்கும் பி.ஜி. ஹாஸ்டலில் மறுபடியும் எலுமிச்சை சாதமாம். தோழியின் வாஷிங் மெஷின் சத்தம் போடுகிறதாம். அவ்வளவுதான். இதற்கா இந்தச் சிரிப்பு என்று கேட்க வாயெடுப்பதற்குள் தோழி கொட்டாவி விட்டாள். விட்டவள், வேர்த்து நனைந்திருந்த என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"சாம்பார் நாத்தம் டி உன் மேல" என்றாள் கண்ணை மூடிக்கொண்டு. கொஞ்ச நேரம் கழித்து, தூக்கத்திலா விழிப்பிலா என்று தெரியவில்லை, "ரொம்ப இளைச்சுடாத. இந்தப் பக்கம் இருக்கற இவ தோள்ல சாஞ்சா எலும்பு குத்துது" என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன், ஏறியதிலிருந்து நான் மூச்சைப் பிடித்தபடியே இருந்தேன். அந்த மழை நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறேன் என்று தோன்றியது. மெதுவாக விட்டேன். வயிறு அதன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. கதவு திறந்துகொள்ளவில்லை.