கட்டில் மேல் ஓடிய பிராஞ்ச் லைன்

பெங்களூரில் என் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடை இருக்கிறது. வாசலில் ஒரு கூடை. டிகாக்‌ஷன் இறக்கிய சக்கையைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, செடிக்குப் போட இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இலவசம் என்றால் விடுவேனா? போன வாரம் ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். அடுத்த நிமிஷம் நேரே ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டேன். சிரிக்காமல் கேளுங்கள், சொல்கிறேன்.

எங்கள் வீட்டு ஸ்காட்லாந்தில் உழுத வயல்களெல்லாம் காபிச் சக்கைதான். அம்மா அதை முறத்தில் காயவைத்துக் கொடுப்பாள், திட்டிக்கொண்டே. மலைகள், மைதாப் பசையில் ஊறிய பழைய பேப்பர். புல்வெளி, சில்வர் ஓக் மரத்தில் சுரண்டிய பாசி. ஆடுகள் இலவம்பஞ்சு. அவை ஆடுகள்தான் என்று நாங்கள் சொன்னால்தான் தெரியும். இவ்வளவும் முன்னறையில் கட்டில் மேல் போட்ட பலகையில் இருந்தன. கட்டில் என்னுடையது. எழுபதுகளின் கடைசியில் நான் ஸ்காட்லாந்துக்கு அடியில் பாய் விரித்துத்தான் தூங்கினேன்.

அப்பா ஏற்காட்டில் கரடியூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பிய துரை, வேலை செய்தவர்களுக்கு ஆளுக்கொரு பொருள் கொடுத்தார். சமையல்காரருக்கு கிராமபோன் பெட்டி. வாட்ச்மேனுக்கு முழங்கால் வரை வரும் மழைக்கோட்டு. அப்பாவுக்கு ஒரு தகரப் பெட்டி. திறந்தால் சாவி கொடுத்து ஓட்டுகிற ரயில் எஞ்சின், மூன்று பெட்டிகள், கொஞ்சம் தண்டவாளம், ஒரு கட்டு ஆங்கில ரயில் பத்திரிகைகள், ஒரு தபால் அட்டை. அட்டையில் துரையின் சொந்த ஊர் ஸ்டேஷன். மெயின் லைனிலிருந்து பிரிந்து, ஆடும் பனியும் தவிர வேறொன்றும் இல்லாத மலைகளுக்குள் போகிற ஒரு பிராஞ்ச் லைனில் கடைசி ஸ்டேஷன் அது. அந்த ஊர்ப் பெயரை எங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வோம். நான் எழுதி எல்லோரிடமும் கெட்ட பெயர் வாங்குவானேன், விட்டுவிடுகிறேன்.

மழைக்கோட்டு கிடைத்திருந்தாலாவது மழைக்கு ஆகும் என்றாள் அம்மா. அப்பா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தார். அந்த ஸ்டேஷனை அச்சு அசலாகச் செய்துவிடுவது என்று மாலைக்குள் முடிவாகிவிட்டது. ஏற்காட்டுக்கே ரயில் கிடையாது, அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸே முனகிக்கொண்டுதான் ஏறும் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை.

ஆனால் தபால் அட்டை ஒரு பக்கத்தைத்தானே காட்டும்? ஸ்டேஷனுக்குப் பின்னால் என்ன இருந்தது? அந்தக் கேள்வி அப்பாவைப் பாடாய்ப் படுத்தியது. மிஷன் பள்ளிக்கூடத்து அட்லஸைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அந்த லைன் ஒரு மயிரிழை, அதற்குமேல் ஒன்றும் இல்லை. துரைக்கே நீளமாக ஒரு கடிதம் போனது. தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம், கதவுக்கு என்ன பெயிண்ட், பின்னால் என்ன என்று ஏகப்பட்ட கேள்விகள். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் பதில் வந்தது: பின்னால் ஆடுகள், மேலே மழை, வேறொன்றும் ஞாபகம் இல்லை.

மிச்சத்தைப் பத்திரிகைகளில்தான் தேட வேண்டும். இங்கேதான் எஸ்தர் அக்கா வருகிறாள். அப்பாவின் ஆங்கிலம் மூட்டை எடைக்கும் ஆள் கணக்குக்கும் போதும், ரயில் பத்திரிகைக்குப் போதாது. அக்கா டீச்சர் டிரெயினிங் முடித்தவள். தினமும் சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் டிக்‌ஷனரியோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொல்வாள். அப்பா பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பறம் கண்ணு?" என்பார். "அப்பறம் பால் கேன் ஏத்தறாங்கப்பா," என்பாள். மறுநாள் பிளாட்பாரத்தில் பால் கேன்கள் முளைத்திருக்கும், பல்பத் துண்டில் செய்து அலுமினிய பெயிண்ட் அடித்தவை.

இந்த மாதிரி வேலையில் முதலில் ஒரு காலத்தைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டுமாம். லைன் எந்த வருஷத்தில் இருந்த மாதிரி செய்யப் போகிறோம் என்று. அப்பா நல்ல காலத்தைத் தேர்ந்தெடுத்தார். "சனங்க இருந்தாத்தான் ஸ்டேஷனுக்கு அழகு," என்று தீக்குச்சிகளில் ஒரு சந்தைக் கூட்டத்தையே செய்து நிறுத்தினார். அதில் பாதிப் பேர் வாழவந்தி பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி மூட்டையோடு தரையில் குந்தியிருந்தார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் குந்துவார்களா என்று அக்கா கேட்டாள். "வண்டி லேட்டுன்னா எல்லாருந்தான் குந்துவாங்க," என்றார்.

அக்காவுக்கு அப்போது இரண்டு வரன்கள் வந்து போயிருந்தன. இரண்டுமே கேசரி சாப்பிட்டுவிட்டு, "யோசிச்சுச் சொல்றமுங்க," என்று போனவை. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் போல. மூன்றாவதாகச் சேலத்திலிருந்து வந்தது சாமுவேல் வரன். மிஷன் பள்ளி வாத்தியார். கிறிஸ்துமஸ் பாடற்குழுவில் அக்காவுக்கு மூன்று ஆள் தள்ளி நின்று பாடியவர். இவரைப் பிடித்திருக்கிறது என்று அக்கா வாயால் சொல்லவில்லை. ஆனால் புடவையை மூன்று தடவை மாற்றினாள். அவளுக்கு இது நடக்க வேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"ஏனுங்க, அந்தக் கருமத்தை இன்னைக்காவது எடுத்துப்போடுங்க. பொண்ணு பாக்க வாராங்க, பொருட்காட்சி பாக்க இல்ல," என்றாள் அம்மா. மலையை எடுத்தால் உடைந்துவிடும் என்றார் அப்பா. கடைசியில் சமாதானமாக எல்லாவற்றின் மேலும் ஒரு வெள்ளைப் பெட்ஷீட் விரிக்கப்பட்டது.

மாப்பிள்ளையின் அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். தரகர் இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று அம்மா பிறகு வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆரம்ப ஜெபத்தில் நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தபோது அவரும் ஒரு கண்ணைத் திறந்து பெட்ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் நடுவில் ஒன்று கூரிய முனையோடு துணியைத் தூக்கிக்கொண்டு நின்றது.

ஆமென் சொன்ன வாயோடு, "அது சிக்னல் போஸ்ட்டாட்ட இருக்குதுங்களே," என்றார்.

அப்பா இதற்காகவே பிறந்தவர் போல எழுந்து ஷீட்டை உருவினார். ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். பால் கேன்களைப் பார்த்தார், குந்தியிருந்த கூட்டத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துகொண்டே வந்தது. பார்வை, பால் பவுடர் டின்னை வெட்டிச் செய்த சிக்னலில் வந்து நின்றது.

"கை மேல தூக்கிக்கிட்டு நிக்குது. கோளாறுங்களா?"

"கோளாறில்லீங்க. அப்படி நின்னா வண்டி வரலாமுன்னு அர்த்தம்."

"கை கீழ எறங்குனாத்தானுங்க வண்டி வரலாம்."

"அது நம்ம பக்கமுங்க. அங்க மேல ஏறோணும்." அப்பா தபால் அட்டையை எடுத்து நீட்டினார்.

"இது ரிப்பேர்ல இருந்தப்ப எவனோ போட்டோ புடிச்சிருக்கறான். ஊருக்கு ஊரு கொழம்பு மாறும், சிக்னல் மாறுமுங்களா? என் சர்வீஸ் பூரா ஒரு வண்டிக்குத் தப்பாக் கை காட்டுனதில்லீங்க நான்."

"உங்க சர்வீஸ் சேலத்துல. இது ஸ்காட்லாந்துங்க."

அம்மா அப்பாவின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். அவர் திரும்பவில்லை. அக்காவைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக் கண்டுபிடித்தது அது, எப்படி விடுவார்? ஸ்டேஷன் மாஸ்டருக்கோ அது மானப் பிரச்சினை. சாமுவேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் பாதிக் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "நொம்ப நேரமாச்சுங்க. யோசிச்சுச் சொல்றம்," என்றார்.

அப்போதுதான் உள்ளறைக் கதவருகே நின்றிருந்த அக்கா பேசினாள்.

"மாமா, ஒரு நிமிசம் உக்காருங்க."

பெண் பார்க்க வந்த இடத்தில், ஒன்றும் நிச்சயமாகாதபோது, மாமா. அம்மா கையை வாயில் வைத்துக்கொண்டாள். அக்கா நிறுத்தவில்லை.

"அந்த லைன்ல கடைசி வருசங்கள்ல ஒரே எஞ்சின்தான் போய்ப் போய் வந்துச்சுங்க. எதுக்க வர வண்டியே இல்லாதப்ப சிக்னல் எதுக்குன்னு எல்லாத்தையும் கழட்டிப்போட்டாங்க. டிரைவர் கையில ஒரு கோல் கொடுத்துருவாங்க, அது இருந்தா வண்டி போகலாம், அவ்வளவுதான். நாம அந்தக் காலத்தையே வெச்சுக்கலாமுங்க."

ஸ்டேஷன் மாஸ்டர் யோசித்தார். இந்தத் தடவை எங்கள் கண் முன்னாலேயே யோசித்தார். "ஒத்தை எஞ்சின். கோலு. ஆமா, அது சட்டந்தான்," என்று உட்கார்ந்தார். "காப்பி ஆறிப்போச்சு கண்ணு. வேற கொண்டா."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். லைனின் நல்ல காலத்தை ஆசை ஆசையாகக் கட்டியவர். அக்கா ஒரே வாக்கியத்தில் அதைக் கடைசிக் காலத்துக்குத் தள்ளிவிட்டாள். அவர் ஒரு முறை அக்காவைப் பார்த்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து சிக்னலை அவரே கழற்றினார். கடைசிக் காலத்தில் இவ்வளவு கூட்டம் இருக்காது என்று சம்பந்தி சொல்ல, குந்தியிருந்த சந்தைக் கூட்டமும் தீப்பெட்டிக்குள் போனது. இரண்டு பேரை மட்டும் கெஞ்சி நிறுத்திக்கொண்டார்.

கல்யாணம் நடந்தது. எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து தொழிலாளிகள் எல்லோரும் வந்து சாப்பிட்டார்கள். அக்கா சேலம் பஸ்ஸில் ஏறிப் போனாள். கட்டில் ஸ்டேஷனுக்கு முந்தைய ஸ்டேஷன் அடுத்து அம்மாவின் தையல் மிஷின் மேல் வருவதாக இருந்தது. அது வரவே இல்லை. கேட்டால் பிசின் நல்லதாகக் கிடைக்கவில்லை, பலகை ஈரம் என்று அப்பா ஏதாவது சொல்வார். அவருக்கு ரயில் பைத்தியம் என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. பைத்தியம் ஒரு பஸ்ஸில் ஏறிப் போய்விடும் என்று யாருக்குத் தெரியும்?

இப்போது எங்கள் எஸ்டேட் குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் ரிசார்ட் கார்கள் நிற்கின்றன. சேலத்தில் கை சிக்னல்கள் போய் விளக்குகள் வந்துவிட்டன. அந்த ஸ்காட்லாந்து லைனில் தண்டவாளத்தைப் பிடுங்கி நடைபாதை ஆக்கிவிட்டார்கள் என்று என் மகள் போனில் பார்த்துச் சொன்னாள். போகட்டும். அவற்றை நினைத்து நான் ஒரு வேளைச் சோற்றைக் குறைத்துக்கொண்டதில்லை.

தலைப் பிரசவத்துக்கு முன்னால் அக்கா ஒரு நாள் மட்டும் வந்திருந்தாள். அப்பா தகரப் பெட்டியைத் திறந்து பத்திரிகைகளை எடுத்து வந்தார். "அந்த ஒத்தை எஞ்சின் சமாச்சாரம் எதுல இருக்குது கண்ணு? நானும் தேடிப் பாத்துட்டேன்," என்றார். அக்கா சிரித்தாள். "இருக்குதுங்கப்பா," என்று ஒன்றை வாங்கிப் பிரித்து, சுவரில் சாய்ந்துகொண்டு, பழைய குரலில் இரண்டு வரி படித்தாள். மூன்றாவது வரியில், ஒத்தை எஞ்சின் வருவதற்கு முன்பே, தூங்கிவிட்டாள். மாசமாக இருந்தவள், அவ்வளவு வளைவு ஏறி வந்த அசதி. அப்பா அவள் கையிலிருந்து புத்தகத்தை மெதுவாக எடுத்து, அந்தப் பக்கத்தை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டு, எழுப்பாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவள் விழித்தபோது கடைசி பஸ்ஸுக்குக் கிளம்ப நேரமாகிவிட்டிருந்தது.